எந்த முகத்துக்குப் புது பிளாக், எந்த முகத்துக்குப் பழைய பிளாக்? 1493-ன் படப் புத்தகம், நகல் பதிப்பு

இந்தப் புத்தகத்தை மடியில் வைத்துப் புரட்ட முடியாது. சாப்பாட்டு மேசையைத் துடைத்துக் காயவிட்டு, பழைய வேட்டி ஒன்றை மடித்துப் போட்டு அதன்மேல் வைத்தால்தான் முதுகு நோகாமல் திறக்கிறது. ஹார்ட்மன் ஷேடெல் என்ற மருத்துவர் தொகுத்து, 1493-ல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் அச்சான உலக வரலாற்றின், ஆங்கிலத்தில் 'நியூரம்பெர்க் க்ரானிக்கிள்' என்று சொல்லும் புத்தகத்தின், வண்ண நகல் இது. டாஷென் பதிப்பகம் 2001-ல் கொண்டுவந்தது. வைமார் நகரத்து அன்னா அமாலியா நூலகத்தில் இருக்கும், கையால் வண்ணம் தீட்டிய ஜெர்மன் மொழிப் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைப் பக்கம் பக்கமாக அப்படியே அச்சிட்டிருக்கிறார்கள். ஷ்டெஃபான் ஃபூசெல் என்ற புத்தக வரலாற்றுப் பேராசிரியர் எழுதிய அறிமுகமும் குறிப்புகளும் கூடவே வருகின்றன.

நான் மதுரையில் அச்சகம் வைத்திருந்தவன். அப்பா காலத்து ட்ரெடிலில் (காலால் மிதித்து ஓட்டும் சின்ன அச்சு எந்திரம்) தொடங்கி, ஈய எழுத்து பொறுக்கி, பிறகு ஆஃப்செட்டுக்கு மாறி, இப்போது மகன் டிஜிட்டலில் ஓட்டிக்கொண்டிருக்கிறான். வரலாறு படித்தவன் கிடையாது. அதனால் இதை அச்சுக்காரன் கண்ணோடுதான் பார்க்க முடிந்தது. அப்படிப் பார்த்ததில் வரலாற்றுக்காரர்கள் ஓரமாகச் சொல்லிவிட்டுப் போகும் ஒரு விஷயம் எனக்கு நடுவில் வந்து நின்றுகொண்டது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

வாங்கி வந்தது ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் தங்கை மகன். அங்கே பழைய புத்தகம் விற்கும் ஒருவரிடம் கிடைத்திருக்கிறது. விளம்பரத்தில் "புத்தம் புதிது போல" என்று போட்டிருந்ததாம். கைக்கு வந்தபோது அட்டையின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. பைண்டிங் உறுதியாக இருந்ததால் மனசைத் தேற்றிக்கொண்டேன். "மாமா, என் லக்கேஜ்ல பாதி வெயிட் உங்க புக்குதான். பிள்ளைகளுக்குச் சாக்லேட் வைக்கவே இடமில்ல" என்றான். உண்மைதான், தூக்கிப் பார்த்தால் தெரியும்.

முதலில் வேலைப்பாடு. பணம் போட்டவர்கள் இரண்டு பேர்: செபால்ட் ஷ்ரையர், அவருடைய மைத்துனர் செபாஸ்டியான் காமர்மைஸ்டர். படங்களின் பொறுப்பு மிகாயேல் வோல்கெமுட், வில்ஹெல்ம் பிளைடென்வுர்ஃப் இருவரின் பட்டறைக்கு. அச்சு ஆன்டோன் கோபெர்கர். அவரிடம் 24 எந்திரங்களும் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்களும் இருந்ததாக அதே ஊர்க்காரர் ஒருவர் பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். கையால் இழுக்கும் எந்திரங்கள்தான், ஆனாலும் 24 என்பது பெரிய கணக்கு. ஓவியர்களோடு போட்ட ஒப்பந்தத்தின் தேதி 1491 டிசம்பர் 29. அச்சகத்தோடு அடுத்த மார்ச்சில் ஒப்பந்தம். அதில் ஒரு ஷரத்து எனக்கு ரொம்பப் பிடித்தது: படக் கட்டைகளை, அதாவது படத்தை மரத்தில் செதுக்கி மை தடவி அச்சிடும் பிளாக்குகளை, பத்திரப்படுத்த கோபெர்கர் தன் இடத்தில் பூட்டுப் போட்ட அறை ஒன்றை ஒதுக்க வேண்டும். பிளாக் வெளியே போனால் புத்தகமே வெளியே போன மாதிரி என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

அப்புறம் டம்மி. எந்தப் பக்கத்தில் எந்தப் படம், அதைச் சுற்றி எவ்வளவு எழுத்து என்று முழுப் புத்தகத்தையும் கையால் எழுதி வரைந்து ஒரு மாதிரி செய்திருக்கிறார்கள். லத்தீன் பதிப்புக்கு ஒன்று, ஜெர்மன் பதிப்புக்கு ஒன்று. இரண்டும் இன்றைக்கும் இருக்கின்றன. எங்கள் அச்சகத்தில் பத்து வருடத்துக்கு முந்தைய டம்மியைக் கேட்டால் யாரும் எடுத்துத் தர மாட்டார்கள்.

லத்தீன் பதிப்பு 1493 ஜூலை 12-ல் முடிந்தது. கேயோர்க் ஆல்ட் என்ற நகராட்சி எழுத்தர் மொழிபெயர்த்த ஜெர்மன் பதிப்பு அதே வருடம் டிசம்பர் 23-ல். மரக்கட்டையை எழுத்தின் உயரத்துக்குச் சமமாகச் சீவி, எழுத்தோடு சேர்த்து ஒரே சட்டத்தில் முடுக்கி, ஒரே இழுப்பில் எழுத்தும் படமும் விழ வேண்டும். உயரம் ஒரு மயிரிழை குறைந்தால் படம் வெளிறும், கூடினால் பக்கத்து எழுத்து வெளிறும். லெட்டர்பிரஸ்ஸில் பிளாக்குக்கு அடியில் காகிதம் ஒட்டி ஒட்டி உயரம் சரிபார்த்தவர்களுக்கு இதன் வலி புரியும். அந்த வலியை ஒரு புத்தகத்தில் 1,800 தடவைக்கு மேல் பட்டிருக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புத்தகத்தில் 1,809 படங்கள். ஆனால் செதுக்கிய கட்டைகள் 645 மட்டும். மீதியெல்லாம் அதே கட்டைகள் திரும்பத் திரும்ப. ஒரு தாடிக்காரர் முன்னால் ஒரு பக்கத்தில் தத்துவஞானி, பின்னால் வேறு பக்கத்தில் மருத்துவர். போப்புகளும் அரசர்களும் சில டஜன் முகங்களைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஊர்களிலும் இதே கதை. ஒரே நகரப் படம் ஓரிடத்தில் டமாஸ்கஸ், இன்னோரிடத்தில் ஃபெராரா, பிறகு மிலான், பிறகு மான்டுவா. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே பிள்ளையார் பிளாக் போகுமே, அந்த மாதிரி.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் புத்தகத்துக்கு அவர்கள் அச்சடித்த விளம்பரத் தாளும் கிடைத்திருக்கிறது. படிப்பது போலவே இருக்காது, கண்ணால் பார்ப்பது போல இருக்கும், பேரரசர்களும் போப்புகளும் கவிஞர்களும் அவரவர் காலத்து உடையிலேயே தோன்றுவார்கள் என்கிறது அது. மிலான்காரர் ஒருவர் அதை நம்பி வாங்கித் தன் ஊரைத் தேடிப்போய்ப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

இதைச் சோம்பேறித்தனம் என்றோ ஏமாற்று என்றோ நான் சொல்ல மாட்டேன். கட்டை செதுக்கக் கூலி உண்டு, நாள் பிடிக்கும். 645 கட்டைக்கே பெரிய பட்டறை வேண்டும். அன்றைய வாசகருக்கும் அந்த முகம் இன்னார் என்று சத்தியம் செய்யத் தேவை இருந்திருக்காது. இங்கே ஓர் அரசர் வருகிறார், இங்கே ஓர் ஊர் வருகிறது என்று கண்ணுக்கு ஒரு நிறுத்தம் கிடைத்தால் போதும். ஆனால் பணம் அளவாக இருக்கும் இடத்தில்தான் ஒருவனுக்கு எது முக்கியம் என்பது வெளியே வரும். எதற்குப் புதுக் கட்டை செதுக்கினார்கள், எதற்குப் பழைய கட்டையை எடுத்துப் போட்டார்கள் என்று இரண்டு கலர் பென்சிலால் ஒரு தாளில் குறித்துக்கொண்டே போனேன். அந்தத் தாள்தான் எனக்கு இந்தப் புத்தகத்தின் உண்மையான பொருளடக்கமாக ஆகிவிட்டது.

புத்தகத்தின் அமைப்பை இங்கே சொல்லிவிட வேண்டும். உலக வரலாற்றை ஏழு யுகங்களாகப் பிரிக்கிறார் ஷேடெல். முதல் நாள் படைப்பில் தொடங்குகிறது. வட்டங்களுக்குள் வட்டமாக வானமும் நீரும் நிலமும் ஒவ்வொரு பக்கமாக உருவாகிவருவது மிக அழகான பகுதி. பிறகு நோவா, ஆபிரகாம், தாவீது. கிறிஸ்துவின் பிறப்பிலிருந்து ஷேடெலின் காலம் வரை ஆறாம் யுகம். ஏழாவது, இனிமேல் வரப்போகும் முடிவு. பக்கங்களின் ஓரத்தில் கொடிகள் ஓடுகின்றன. கொடியிலிருந்து பூ முளைப்பதுபோல் பாதி உடம்போடு ஆட்கள் முளைக்கிறார்கள். தகப்பன், மகன், பேரன் என்று கிறிஸ்துவின் வம்சாவளி அப்படியே பக்கம் தாண்டிப் போகிறது. எழுத்துப் பெரும்பகுதி ஷேடெலுடைய சொந்தச் சரக்கு இல்லை. பெர்காமோ ஊர்த் துறவி ஃபொரெஸ்டி எழுதிய வரலாறு போன்ற பல நூல்களிலிருந்து எடுத்துத் தொகுத்தது. ஆக, வாசகனுக்குப் புதிதாகக் கிடைத்தது அந்த வரிசைதான். ஏதேன் தோட்டத்தில் கிளம்பும் கொடியைப் பிடித்துக்கொண்டே போனால், ட்ராய், ரோம் எல்லாம் கடந்து, சொந்த ஊர் மதில் சுவருக்கு வந்து சேரலாம்.

வந்து சேரும் இடத்தைப் பாருங்கள். நியூரம்பெர்க் நகரம் திறந்த புத்தகத்தின் இரண்டு பக்கத்தையும் முழுசாக நிறைத்து நிற்கிறது. ஒரு வரி எழுத்துகூட உள்ளே நுழையவில்லை. மற்ற ஊர்ப் படங்களுக்கு மேலேயோ கீழேயோ எழுத்து இருக்கும். இதற்கு மட்டும் விதிவிலக்கு. மேலே கோட்டை, நடுவில் செபால்ட், லொரென்ஸ் தேவாலயங்களின் இரட்டைக் கோபுரங்கள், சுற்றி மதில், வாசல், வேலி. வலது கீழ்மூலையில், மதிலுக்கு வெளியே, ஆற்றங்கரையில் சில கட்டடங்கள். ஃபூசெலின் குறிப்பைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன்: அது காகித ஆலை. உல்மன் ஷ்ட்ரோமர் 1390-ல் நிறுவியது, ஜெர்மனியின் முதல் காகித ஆலை. ஊரின் முகப்பில், பார்ப்பவன் கண்ணுக்கு மிக அருகில், அதை வைத்திருக்கிறார்கள். அச்சகத்துக்காரர்கள் போட்ட படத்தில் காகித ஆலை எப்படி ஓரமாகப் போகும்!

ஆனால் அச்சகத்தின் படம் எங்கும் கிடையாது. அச்சுக்கலை ஜெர்மனியில், மைன்ஸ் நகரில் தோன்றியது என்று ஒரு பத்தி பெருமையோடு வருகிறது. அதற்கு ஒரு கட்டை செதுக்கியிருக்கலாமே என்று எனக்கு ஆதங்கம். நமக்குக் கிடைத்திருக்கும் முதல் அச்சகப் படம் 1499-ல் பிரான்சின் லியோனில் அச்சானது. அதில் எலும்புக்கூடுகள் வந்து அச்சுக்காரர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகின்றன. எங்கள் தொழிலுக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

என் தாளில் புதுக் கட்டை என்று குறித்த ஊர்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வரைபடம் கிடைக்கிறது. ஆக்ஸ்பர்க், பாம்பெர்க், கொலோன், ஸ்ட்ராஸ்பர்க், மியூனிக், வியன்னா, கிழக்கே ப்ராக், கிராக்கோவ், புடா. கோபுரத்தைப் பார்த்து அந்த ஊர்க்காரர் விரல் வைத்து "இதோ" என்று சொல்லக்கூடிய அளவுக்கு உண்மையானவை. ரோமும் வெனிஸும்கூட உண்டு; வெனிஸ் சில வருடம் முன்னால் வந்த ஒரு புனிதப் பயண நூலிலிருந்து எடுத்துச் சுருக்கியது. நியூரம்பெர்க் வியாபாரி போய்வந்த வழிகள் பெரும்பாலும் புதுக் கட்டையில் இருக்கின்றன. போகாத ஊர்களுக்குத்தான் அதிகமும் பொதுக் கட்டை.

இன்னொரு புதுக் கட்டை, இரண்டு பக்கம் விரியும் பேரரசுப் படம். ஜெர்மன் நாடுகள் சேர்ந்திருந்த புனித ரோமப் பேரரசைச் சொல்கிறேன். மேலே பேரரசர் அரியணையில், இரண்டு பக்கமும் அவரைத் தேர்ந்தெடுக்கும் எழுவர், அவர்களுக்குக் கீழே படிப்படியாக நால்வர் நால்வராகப் பிரபுக்களும் வீரர்களும் நகரங்களும், ஒவ்வொருவர் கையிலும் கேடயச் சின்னம். அன்றைக்கு அந்தப் பேரரசு நூற்றுக்கணக்கான குட்டி ஆட்சிகளின் கலவை. அதற்குத் தலைநகர்கூடக் கிடையாது. நடைமுறையில் அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் யாரும் சுட்டிக்காட்டியிருக்க முடியாது. இந்தப் பக்கத்தைத் திறந்தால் சுட்டிக்காட்டலாம். எல்லாரும் ஒரே சட்டத்துக்குள், ஒரே மையில் நிற்கிறார்கள். புத்தகத்தின் கடைசியில் ஜெர்மனியும் சுற்றுப்புறமும் சேர்ந்த வரைபடம் ஒன்று. ஷேடெலின் நண்பரும் மருத்துவருமான ஹியரோனிமுஸ் முன்ட்ஸர் சேர்த்தது. அச்சில் வந்த ஜெர்மனி வரைபடங்களில் மிக முந்தையவற்றில் ஒன்று. ஜெர்மன் பதிப்பு வெளிவருவதற்கு முன்பே, 1493 நவம்பரில், கோன்ராட் செல்டிஸ் என்ற கவிஞரோடு இன்னொரு ஒப்பந்தம் போடுகிறார் ஷ்ரையர்: ஜெர்மனியைப் பற்றிய பகுதியைப் புதிதாக எழுதித் திருத்திய பதிப்பு. அது வரவே இல்லை. ஆனால் 'நம்மைப் பற்றி இன்னும் வேண்டும்' என்ற பசி எவ்வளவு சீக்கிரம் வந்திருக்கிறது பாருங்கள்.

நம் பக்கத்துக்கும் ஒரு இடம் உண்டு, சொன்னால் சிரிப்பீர்கள். முன்பகுதியில் வரும் உலக வரைபடத்தின் மூலைகளில் நோவாவின் மூன்று மகன்கள் நின்று உலகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். வரைபடம் பழங்காலப் புவியியல் அறிஞர் தாலமியை ஒட்டியது. இந்தியாவின் உருவம் தட்டையாக, தீபகற்பமே தெரியாமல், அருகில் தப்ரபேன் என்ற பெரிய தீவாக இலங்கை. பக்கவாட்டிலும் அதையொட்டிய பக்கத்திலும் சின்னச் சின்னக் கட்டங்களில் விநோத மனிதர்கள். ஒற்றைப் பாதத்தைக் குடையாகப் பிடித்து வெயிலில் படுத்திருப்பவன், நெஞ்சில் முகம் உள்ளவன், நாய்த் தலையோடு குரைத்துப் பேசுகிறவன். அந்த நாய்த் தலைக்காரர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள் என்கிறது எழுத்து. கிரேக்க ரோமானியக் காலத்துக் கதைகளிலிருந்து கைமாறிக் கைமாறி வந்த சரக்கு. என் மனைவி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல யாரு உங்க சொந்தக்காரங்க?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த வரைபடத்தில் அமெரிக்கா இல்லை. கொலம்பஸ் திரும்பி வந்த செய்தி 1493 வசந்தத்தில்தான் அச்சில் பரவத் தொடங்கியது. ஜூலையில் புத்தகம் முடிந்துவிட்டது. மார்ட்டின் பெஹைமின் உருண்டை உலகப் படம் முந்தைய வருடம் இதே ஊரில் செய்யப்பட்டது, அதிலும் இல்லை. லத்தீன் பதிப்பில் ஆறாம் யுகத்துக்கும் உலக முடிவுக்கும் நடுவே சில தாள்களை வெறுமையாக விட்டிருக்கிறார்கள், இனி நடப்பதை வாங்கியவர் எழுதிக்கொள்ள. உலகம் முடிய சில தாள் போதும் என்று நினைத்திருக்கிறார்கள்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தப் புத்தகத்தைப் பரிசாகக் கொடுப்பதற்கு முன்னால் யோசிக்க வைத்த பகுதி. புதுக் கட்டை செதுக்கியவற்றின் பட்டியலில் யூதர்களைப் பற்றிய படங்களும் இருக்கின்றன. 1475-ல் ட்ரென்ட் நகரில் சிமோன் என்ற சின்னக் குழந்தை இறந்து கிடந்தது. ஊரின் யூதர்கள் சடங்குக்காகக் கொன்றார்கள் என்று பழி போட்டு, சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கி, பலரைக் கொன்றார்கள். பழி பொய், கத்தோலிக்கத் திருச்சபையே 1965-ல் அந்தக் குழந்தையின் பெயரில் நடந்த வழிபாட்டை நிறுத்தியது. இந்தப் புத்தகத்தில் அந்தப் பழி ஒரு பெரிய படமாக வருகிறது. குழந்தையை நடுவில் நிறுத்தி, சுற்றி நிற்கும் ஒவ்வொருவர் மேலும் அவரவர் பெயர். வேறு பக்கத்தில் யூதர்களை நெருப்பில் எரிக்கும் படம், தீயும் முகங்களும் நெருக்கமாக.

பெயர்கள்தான் என்னை உறுத்தின. ரோமப் பேரரசர்களுக்கே பொது முகம் கொடுத்தவர்கள், டமாஸ்கஸுக்கும் மிலானுக்கும் ஒரே மதில் சுவரைக் கொடுத்தவர்கள், இங்கே மட்டும் செலவைப் பார்க்கவில்லை. எதிரி யார் என்பதில் சந்தேகமே வரக்கூடாது என்று பெயரையும் சேர்த்தே செதுக்கியிருக்கிறார்கள். சொந்த ஊர்ப் படத்துக்குச் செலுத்திய அதே கவனம் இங்கேயும். 'நாம்' என்பதற்கும் 'அவர்கள்' என்பதற்கும் ஒரே பட்டறையில், ஒரே உளியில் வேலை நடந்திருக்கிறது. நியூரம்பெர்க் 1349-லேயே தன் யூதர்களைக் கொன்று, அவர்கள் இருந்த இடத்தை இடித்துச் சந்தைத் திடல் போட்டுக்கொண்ட ஊர். பிறகு குடியேறி இருந்தவர்களையும் புத்தகம் வந்து ஆறு வருடத்துக்குள், 1499-ல், முழுக்க வெளியேற்றியது. அந்த வெளியேற்றம் புத்தகத்தால் வந்தது என்று நான் சொல்லவில்லை. வெறுப்பு ஊரில் ஏற்கெனவே இருந்தது. ஆனால் வாய்வழியாகச் சுற்றிய பழி இப்போது ஆதாம் ஏவாளுக்கும் கிறிஸ்துவின் வம்சாவளிக்கும் பக்கத்தில், அதே தாளில், அதே மையில் வந்துவிட்டது. அச்சில் வந்துவிட்டால் கதைக்கு ஒரு எடை கூடிவிடுகிறது. எங்களிடம் நோட்டீஸ் அடிக்க வந்தவர்கள் பலபேரின் கணக்கும் இதுதான். சில நோட்டீஸ்களை அடிக்க மாட்டேன் என்று அப்பா திருப்பி அனுப்பியதுண்டு. அந்த வாரம் கூலி கொடுக்கத் திணறியதும் உண்டு.

விற்பனை எப்படி? அச்சிட்டது லத்தீனில் சுமார் 1,400 முதல் 1,500, ஜெர்மனில் ஆயிரத்துக்குள் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். 1509-ல் கூட்டாளிகள் கணக்கு முடித்தபோது லத்தீனில் 500-க்கு மேல் விற்காமல் இருந்தன. ஜெர்மனில் 49 மட்டும். லத்தீன் தேங்கியதற்கு ஆக்ஸ்பர்க் நகரத்து யோஹான் ஷேன்ஸ்பெர்கர் ஒரு காரணம். 1496-லேயே சின்ன அளவில், மலிவாக, படங்களைப் பார்த்து மறுபடி செதுக்கித் திருட்டுப் பதிப்பு போட்டுவிட்டார். மறு வருடம் லத்தீனிலும் போட்டார், 1500-ல் மீண்டும் ஜெர்மனில். பூட்டுப் போட்ட அறை என்ன பயன்! ஆனால் படங்கள் பரவியதற்கு அவருக்கும் பங்கு உண்டு. பெரிய புத்தகம் வாங்க முடியாதவர் கையிலும் அந்த வரிசை, அந்தப் பேரரசுப் படம், அந்த ஊர்கள் போய்ச் சேர்ந்தன.

இப்போதும் அது நடக்கிறது. பழைய பிரதிகளைப் பிரித்து ஒற்றைத் தாளாக விற்பவர்கள் உண்டு. மியூனிக்கைப் பற்றியோ கிராக்கோவைப் பற்றியோ எழுதும் புத்தகங்களில் 'எங்கள் ஊர் 1493-ல்' என்று இந்தப் படத்தைத்தான் போடுகிறார்கள். கிராக்கோவ் படத்தில் ஆற்றின் இரு பக்கமும் கிராக்கோவ், கஷிமியெஜ், க்ளெபார்ஸ் என்று மூன்று ஊர்ப் பெயர்கள் தனித்தனியாக இருக்கின்றன. இன்றைக்கு மூன்றும் ஒரே நகரம். நியூரம்பெர்க்கின் பழைய நகரம் 1945 ஜனவரி 2 குண்டுவீச்சில் பெரும்பகுதி அழிந்தது. கோட்டையையும் இரண்டு தேவாலயங்களையும் மறுபடி எழுப்பினார்கள். தங்கை மகன் அங்கே போய்க் கோட்டை மேட்டிலிருந்து எடுத்து அனுப்பிய போட்டோவை புத்தகத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோபுரங்களை அடையாளம் காண முடிகிறது.

நகல் பதிப்பைப் பற்றி. வண்ண அச்சு நன்றாகவே வந்திருக்கிறது. பழைய தாளின் மஞ்சளைத் தட்டி வெள்ளையாக்காமல் விட்டது சரியான முடிவு. அந்தக் காலத்தில் வண்ணம் தீட்டியவர் பொறுமையாக இருந்த பக்கமும், சோர்ந்துபோய்ப் பச்சையையும் செம்மண் நிறத்தையும் கோடு தாண்டி இழுத்துவிட்ட பக்கமும் வித்தியாசம் தெரிகிறது. நியூரம்பெர்க் விரிபடம் நடு மடிப்பில் கொஞ்சம் உள்ளே போகிறது. மூலப் புத்தகத்திலேயே அது இரண்டு தாளில்தான் இருக்கிறது, இதற்கு எந்தப் பதிப்பாளரும் ஒன்றும் செய்ய முடியாது. ஜெர்மனியின் புகழ்பெற்ற ஓவியர் ஆல்பிரெஷ்ட் டியூரர் இளைஞனாக இதில் வேலை செய்தார் என்று விற்பவர்கள் உரக்கச் சொல்வார்கள். அவர் 1486 முதல் 1489 வரை வோல்கெமுட்டிடம் தொழில் படித்தது உண்மை, கோபெர்கர் அவருடைய ஞானத்தந்தை என்பதும் உண்மை. எந்தக் கட்டையில் அவர் கை பட்டது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அந்தப் பெயருக்காக மட்டும் வாங்காதீர்கள்.

பெரிய குறை மொழி. 15-ம் நூற்றாண்டு ஜெர்மன், அதுவும் அந்தக் காலத்து எழுத்துருவில். ஜெர்மனியிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கும் வாசிக்கத் திணறும். குறிப்புகள் உதவுகின்றன, ஆனால் பக்கத்துக்குப் பக்கம் மொழிபெயர்ப்பு இல்லை. ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு ஒரு வழி உண்டு: அமெரிக்காவின் பெலாய்ட் கல்லூரி நூலகம் முழு மொழிபெயர்ப்பை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. வால்டர் ஷ்மாக் செய்தது. நான் அதைக் கைபேசியில் திறந்துவைத்துக்கொண்டுதான் பக்கங்களைப் புரட்டினேன்.

யாருக்கு வாங்கிக் கொடுக்கலாம்? ஓவியக் கல்லூரி மாணவர்களுக்கு, புத்தக வடிவமைப்பு செய்பவர்களுக்கு, அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தயங்காமல். பள்ளிக்கூட நூலகத்துக்கு என்றால் கூட இருந்து எடுத்துச் சொல்ல ஆசிரியர் ஒருவர் வேண்டும்; அந்த ட்ரென்ட் பக்கத்தைப் பிள்ளைகள் தனியாகத் திறந்து பார்க்கும்படி விடக்கூடாது. பணம் செலவழிக்க மனசில்லாதவர்கள் மியூனிக் பவேரிய அரசு நூலகத்தின் இணையப் பக்கத்துக்குப் போங்கள். ஷேடெலின் சொந்தப் பிரதியே அங்கே இருக்கிறது, காசு கேட்க மாட்டார்கள், காகித ஆலையை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. மொழிபெயர்ப்பு இல்லாததற்கு ஒன்று கழித்தேன். வாங்குவதாக இருந்தால் இந்த நகல் பதிப்பில் ஒருவர் வைத்திருந்து விற்கும் பிரதிதான் கைக்குக் கட்டும். அட்டையின் நாலு மூலையையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுப் பணம் கட்டுங்கள்.